பம்ப்பை மாத்தறதுக்கு முன்னாடி கேஜைப் பாருங்க!
கார்பரேட்டர் ரேஸ் கார் நேர்ப்பாதையில் திணறினால், எல்லாரும் முதலில் திட்டுவது ஃப்யூல் பம்ப்பைத்தான். அது தப்பு, பம்ப்பைக் கடைசியில்தான் சந்தேகப்படணும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் சோழவரம் ஓடுதளத்திலும், 1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் ஓடிய பழைய கார்களுக்கு இது பழகின தலைவலி.

கார்பரேட்டருக்குப் பொதுவாக 3 முதல் 6 பிஎஸ்ஐ போதும். இன்ஜெக்‌ஷன் பம்ப்பை மாட்டி 40 பிஎஸ்ஐ அனுப்பினால் நீடில் வால்வு தாங்காது. பெட்ரோல் பொங்கி வழியும். சூடான இன்ஜின் மேல் அது தீ ஆபத்து.

ஐடிலில் கேஜ் நல்லாத்தான் காட்டும். ஃபுல் த்ராட்டிலில் முள் இறங்குதா? ஃபில்டர் அடைப்பு, டேங்க் மூடியின் காற்றுத் துளை, மடங்கிய ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். இறங்கலையா? கோளாறு பெரும்பாலும் ஃப்ளோட் மட்டத்தில், அல்லது ஜெட்டில். நம்ம ஊர் வெயிலில், எக்ஸாஸ்ட் ஓரமாகப் போகும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகலாம். குழாயை நகர்த்தி வெப்பத் தடுப்பு உறை போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.