குறோஸின் கோடு மழுங்கியதா?

ஜேர்மானியக் கேலிச்சித்திரக்காரர் ஜோர்ஜ் குறோஸ் (1893–1959) பற்றி எழுதப்படும்போதெல்லாம் ஒரு தீர்ப்பு தவறாது வழங்கப்படுகிறது. பேர்லினில் இருந்தவரை அவர் கோடு வாளாயிருந்தது. அமெரிக்கா சென்றதும் மழுங்கிவிட்டது. டொலர் அவரை விழுங்கிவிட்டது என்பதே அத்தீர்ப்பு. முற்போக்கு விமர்சகர் சிலருக்கு இது மிகவும் உவப்பானது. போராளிக் கலைஞனுக்கு ஓர் எடுத்துக்காட்டும் சரணடைந்தவனுக்கு ஓர் எச்சரிக்கையும் ஒரே மனிதனிடம் கிடைத்துவிடுகின்றன அல்லவா?

இவர்கள் கேலிச்சித்திரம் என்னும் கலையின் இயல்பையே மறந்துவிடுகின்றனர். 1920இல் குறோஸ் வெளியிட்ட சித்திரத் தொகுப்பின் பெயர் 'கடவுள் எம்மோடு'. ஜேர்மானியச் சிப்பாயின் இடைவாரிற் பொறிக்கப்பட்டிருந்த வாசகம் அது. பேர்லின்வாசி எவருக்கும் அதற்கு உரை வேண்டியிருக்கவில்லை. நீதிமன்றத்துக்கும் வேண்டியிருக்கவில்லை, இராணுவத்தை அவமதித்தார் என அடுத்த ஆண்டே தண்டம் விதித்தது. தடித்த பிடரி, ஒற்றைக் கண்ணாடி, மாணவப் பருவத்து வாட்போரிற் பெற்ற கன்னத் தழும்பு ஆகியவற்றை வாசகன் அன்று காலை தெருவிற் கண்டிருப்பான். கேலிச்சித்திரத்தின் ஒரு பாதியை ஓவியன் வரைகிறான். மறு பாதியை வாசகனின் கண் வரைகிறது. நியூயோர்க்கில் அத்தழும்பு வெறும் காயவடு. அதில் ஒரு வர்க்கத்தின் செருக்கைப் படிக்க அங்கு யாரால் முடியும்?

சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவுக்கு நச்சுவாயு முகமூடியும் சப்பாத்தும் அணிவித்த 1928ஆம் ஆண்டுச் சித்திரத்துக்காகத் தெய்வநிந்தனை வழக்கிற் சிக்கி, தண்டிக்கப்பட்டுப் பின் மேன்முறையீட்டில் விடுதலை பெற்றவர் அவர். அத்தகையவர் 1933 ஜனவரியில், ஹிட்லர் பதவியேற்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, கப்பலேறினார். கோழைத்தனம் என்பர் சிலர். அவரது வீட்டையும் ஓவியக்கூடத்தையும் தேடி நாஜிப் படையினர் விரைவிலேயே வந்தனர். நாட்டை விட்டு அகலாத கவிஞர் எரிக் மியூசாம் 1934இல் ஒரானியன்பேர்க் முகாமிற் கொல்லப்பட்டார். கலைஞனிடம் இரத்தசாட்சியத்தைக் கோருவோர், அதைப் பாதுகாப்பான நாற்காலியில் அமர்ந்தே கோருகின்றனர்.

1937இல் மியூனிக்கில் நடந்த 'சீரழிந்த கலை' கண்காட்சியில் நாஜிகள் அவர் படைப்புகளையும் மாட்டி இகழ்ந்தனர். ஜேர்மானிய நூதனசாலைகளிலிருந்து 280க்கு மேற்பட்ட அவரது ஆக்கங்களைப் பறித்தனர். பகைவர் மழுங்கலைக் கண்டிலர், நண்பரே கண்டனர்!

அவருக்கு எதிரான சான்றுகள் இல்லாமலில்லை. அமெரிக்கச் சஞ்சிகை ஓவியனாகப் புகழ்பெற அவர் உண்மையிலேயே ஆசைப்பட்டார். 1946இல் வெளிவந்த தன்வரலாற்றில் தம் பழைய வேகத்தை ஏளனத்தோடு நோக்குகிறார். கேப் கொட் மணற்குன்றுகளையும் நிர்வாண உருவங்களையும் வரைந்த படங்களிற் சில சாதாரணமானவையே. அவற்றைக் காப்பாற்ற முனைவது வீண்வேலை. மனைவியையும் இரு புதல்வரையும் ஓவியம் கற்பித்துக் காப்பாற்றிய ஒருவர் விற்கக்கூடியவற்றையும் வரைந்தார், அவ்வளவே.

ஆயின் அதே ஆண்டுகளில் அவர் வேறு எதை வரைந்தார் என்பதைத் தீர்ப்பெழுதுவோர் கூறுவதில்லை. 1936இல் நியூயோர்க்கில் 64 சித்திரங்களுடன் 'இடையாட்சி' என்னும் பொருள்படும் தொகுப்பொன்றை வெளியிட்டார். விசாரணை அறைகளும் சவுக்கேந்திய காவலரும் மியூசாம் பட்ட வதையும் அதில் உள்ளன. இரண்டாம் உலகப்போர் மூள மூன்றாண்டுகள் இருந்த காலம் அது. தொகுப்பு விலைபோகவில்லை. 1944இல் வரைந்த 'காயீன்' ஓவியத்தில், எலும்புக்கூடுகள் மொய்க்கும் நரகத்தில் ஹிட்லர் நெற்றியைத் துடைத்தவாறு குந்தியிருக்கிறார். இவை டொலருக்காக வரையப்பட்டவையா? வாங்க ஆளில்லாத சரக்கை ஆண்டுக்கணக்காக உற்பத்தி செய்யும் வணிகன் எந்தச் சந்தையில் இருக்கிறான்?

1936இல் அந்தச் சித்திரங்களைக் காண மறுத்தவர் யார், வாங்க மறுத்தவர் யார் என்பதை முதலில் எழுதட்டும். ஓவியனின் மழுங்கலைப் பற்றி அதன்பின் பேசலாம்.