வீதிக்கும் ஒரு பொறுப்பு உண்டு

2023 ஜனவரி 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் அன்று நடந்த விபத்தை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொழும்பிலிருந்து கல்விச் சுற்றுலா வந்த மாணவர்களை ஏற்றிய பஸ் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதிப் பள்ளத்தில் சரிந்தது. வேனில் வந்த 6 பேரும் முச்சக்கரவண்டிச் சாரதியும் அந்த இடத்தோடு போய்விட்டார்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

அடுத்த நாள் அக்கரப்பத்தனைக் கடைத்தெருவில் கேட்டதெல்லாம் ஒரே பேச்சுத்தான். "அந்த ட்ரைவரப் புடிச்சி உள்ள போடணும்." 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலை கெரண்டிஎல்லையில் பள்ளத்தில் விழுந்து 20க்கும் அதிகமானோர் உயிரிழந்தபோதும் இதே பேச்சைத்தான் கேட்டேன். சாரதிக்குத் தூக்கமா, வேகமா, பிரேக் இல்லையா? ஒவ்வொரு விபத்திலும் நாம் ஒரு மனிதனைத் தேடுகிறோம். அவன் கிடைத்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. வீதியை யாரும் விசாரிப்பதில்லை.

சாரதிகளை நிரபராதிகள் ஆக்குவதற்காக நான் இதை எழுதவில்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கும், கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வளைவில் திருப்புகிறவனுக்கும் சட்டம் இருக்கிறது. அது கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் மனிதன் தவறு செய்வான் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும், ஒரு தவறுக்கு ஒரு மரணம் என்று கணக்கு வைத்தாற்போல் வீதியை அமைத்துவிட்டு, தவறு செய்தவனை மட்டும் பிடிப்பது என்ன நியாயம்?

மலைநாட்டு வீதிகளில் பல கோப்பி மூட்டைகளையும் பிறகு தேயிலைப் பெட்டிகளையும் இறக்குவதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டப்பட்டவை. மாட்டு வண்டியின் வேகத்துக்கு வளைத்த வளைவுகள் அவை. இன்று அதே வளைவில் ஐம்பது பேர் அமரும் பஸ் திரும்புகிறது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் பனிமூட்டம். நடந்து போகிறவருக்கென்று அங்கே ஒரு அடி இடமும் கிடையாது. கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு மடுவத்துக்குப் போகும் பெண்களும், வெள்ளைச் சீருடையில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் தார் வீதியின் விளிம்பிலேதான் நடக்கிறார்கள்.

இங்குள்ள சாரதிகளுக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. ஏற்றத்தில் வரும் வண்டிக்கு இறக்கத்தில் வருபவர் வழிவிட வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். முடக்கில் திரும்புமுன் ஹோர்ன் அடிக்க வேண்டும். தலவாக்கலைக்கும் டயகமவுக்கும் இடையில் ஓடும் பஸ்களின் சாரதிகளுக்கு இவை கைப்பழக்கம். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு முதன்முறை வாகனம் ஏற்றிக்கொண்டு வரும் நகரத்துச் சாரதிக்கு இவற்றை யார் சொல்லிக்கொடுப்பது? அவர் கெட்டவர் அல்லர். சமதரையில் பழகியவர். அவருக்கு அந்தப் பாடத்தைச் சொல்ல வேண்டியது வீதிதான். இறக்கம் தொடங்குமுன்பே கண்ணில் படும் பலகை, கியரைக் குறைக்கச் சொல்லும் அறிவிப்பு, வளைவில் குவிந்த கண்ணாடி, பள்ளத்தின் ஓரம் தாங்கும் வலுவுள்ள தடுப்பு வேலி. நீளமான வாகனம் நுழையவே கூடாத வீதி என்றால், நுழையவே முடியாதபடி வாசலில் ஒரு தடை.

ஹோர்னைப் பற்றி ஒரு வார்த்தை. நமது முடக்குகளில் ஹோர்ன் என்பது ஸலாம் சொல்வது போல: நான் வருகிறேன், நீங்களும் பத்திரம். நகரத்தில் அதே சத்தம் ஏச்சாக மாறிவிடுகிறது. சமிக்ஞை விளக்கு பச்சையாகி ஒரு நொடி ஆகியிருக்காது, பின்னால் நிற்கும் பத்து வண்டிகளும் அலறும். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு நடையில் நிதானத்தையும் குரலில் தாழ்வையும் உபதேசித்ததைக் குர்ஆன் வகுப்பில் ஓதியவர்கள்தாம் நாம். வாகனத்தில் ஏறியதும் அது வேறு யாருக்கோ சொன்னது போல ஆகிவிடுகிறது.

இனி எதிர்த் திசையில் வருவோம். நகரத்துச் சாரதி மலைக்கு வருவதைப் போலவே, மலைப் பிள்ளைகள் நகரத்துக்குப் போகிறார்கள். வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் உள்ள கடைகளில் அக்கரப்பத்தனை, லிந்துலை, ஹோல்புறூக் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்து வீதியை முற்றம் போலப் பாவித்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். காலி வீதியை முதன்முதலில் கடக்கும்போது அவர்களுடைய கால் எப்படி நடுங்கும் என்று எனக்குத் தெரியும்; என்னுடையதும் நடுங்கியது.

உம்மாவோடு வைத்தியரிடம் போன நாள் அது. மஞ்சள் கடவையில் நின்றோம். ஓரத்துத் தடத்தில் வந்த பஸ் மரியாதையாக நின்று, சாரதி கையாலும் காட்டினார். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பஸ்ஸின் முகப்பைத் தாண்டிய அடுத்த அடியில், அதன் மறைவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டாவது தடத்தில் பறந்தது. உம்மாவின் பர்தாவின் நுனி அதன் கண்ணாடியில் பட்டது. அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவோடு போயிற்று. வீடு திரும்பும் வரை உம்மா ஒன்றுமே பேசவில்லை.

அந்த இளைஞனை அன்று மனதாரத் திட்டினேன். பிறகு யோசித்தபோது வேறொன்று புலப்பட்டது. அவனுக்கு எங்களைத் தெரிந்திருக்கவே நியாயமில்லை. பஸ் மறைத்துக்கொண்டிருந்தது. பல தடங்கள் உள்ள வீதியில் வெறும் கோடுகளை மட்டும் கீறி வைத்தால் இது நடந்தே தீரும். முதல் வண்டி நிற்பதே இரண்டாவது வண்டியின் பார்வையை மறைத்துவிடுகிறது. இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கடவைக்குச் சில மீற்றர் முன்னதாகவே வாகனம் நிற்க வேண்டிய கோட்டைப் போடலாம். வீதியின் நடுவே ஒரு திட்டு அமைத்து, பாதி வீதியைக் கடந்தவர் நின்று மறுபாதியைப் பார்க்க வழி செய்யலாம். கடவையையே நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் வாகனம் தானாகவே மெதுவாகும். அதற்குப் பொலிஸார் வெயிலில் நிற்கத் தேவையில்லை. நாமோ மேம்பாலம் கட்டிவிட்டுப் பாதசாரியைப் படியேறச் சொல்கிறோம். முழங்கால் வலியுள்ள மூதாட்டி ஏற வேண்டும், கர்ப்பிணி ஏற வேண்டும். காரில் இருப்பவர் மட்டும் காலை அசைக்காமல் போவார்.

வேகத்தைப் பற்றி விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வேகம் இரட்டிப்பானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் மோதினால் பாதசாரிகளில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். 50ஐத் தாண்டத் தாண்ட அந்த வாய்ப்பு விரைந்து சுருங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வீதி விபத்துகளால் ஆண்டொன்றுக்கு உலகில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையானவர்களை அதிகம் கொல்வது நோயல்ல, வீதிதான். நமது சிறிய நாட்டிலும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போகின்றன.

தனியார் பஸ்களின் ஓட்டப் பந்தயமும் பிறவிக் குணம் அல்ல. அன்றைய வசூலில் முதலாளிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு மிச்சத்தில்தான் சாரதியும் நடத்துனரும் பிழைக்க வேண்டும் என்றால், முன்னால் போகும் பஸ்ஸை முந்தி அடுத்த தரிப்பிடத்துப் பயணிகளை அள்ளுவதுதான் அவர்களுக்குச் சம்பளம். மாதச் சம்பளமும் ஒழுங்கான நேர அட்டவணையும் கொடுத்தால் பந்தயத்துக்குக் காரணமே இராது. இதை வீதி அமைப்பின் ஒரு பகுதி என்றே நான் சொல்வேன்.

மாற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்து ஒரு பதில். இன்று சைக்கிள்களின் நாடு என்று புகழப்படும் அந்த நாட்டில் 1971ஆம் ஆண்டு மட்டும் வீதியில் 3,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். மகளை வீதியில் இழந்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையிலிருந்து, "சிறுவர் கொலையை நிறுத்துங்கள்" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் பிறந்தது. தாய் தந்தையர் பிள்ளைகளோடு வீதியில் இறங்கினார்கள். வீதிகள் மாறின. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சென்னைக்கு வருவோம். உடுதுணி வாங்க நம்மவர்கள் போகும் தியாகராய நகர் பாண்டி பஜாரில், 2019 நவம்பரில் வாகனங்களுக்கான இடத்தைக் குறைத்து அகன்ற நடைபாதை திறக்கப்பட்டது. முன்பு வாகனங்களுக்கிடையில் நெளிந்து நடந்த கடைத்தெருவில் இப்போது குடும்பமாக நடக்கலாம், களைத்தால் உட்காரலாம்.

அக்கரப்பத்தனைக்குத் திரும்புகிறேன். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வீதி யாருடையது என்பது. பெருந்தெருவென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. தோட்டத்துக்குள் போனால் கம்பனி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடுவது நீண்ட காலம் சிக்கலாகவே இருந்தது. நமது வாக்கில் தெரிவான உறுப்பினரும் நம் லயத்து வீதியில் ஒரு கூடை கல் போட முடியாத நிலை. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் அக்கரப்பத்தனைக்கென்று தனியான பிரதேச சபைக்கும் முதல் தேர்தல் நடந்தது. ஆகவே "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்ற பழைய பதிலை இனி யாரும் நமக்குச் சொல்ல முடியாது. கேட்பதற்கு நாம் போகவில்லை என்பதுதான் மிச்சம்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். காலையில் கல்லூரி வாசலில் நின்று பாருங்கள். வாப்பாவின் தலையில் மட்டும் தலைக்கவசம், பின்னால் இரண்டு பிள்ளைகள் வெறுந்தலையோடு. மூவர் அமரும் முச்சக்கரவண்டி ஆசனத்தில் ஏழு எட்டுப் பிள்ளைகள், மடியில் மடி. மகள் பத்து அடிகூட நடக்கக் கூடாது என்ற பாசத்தில் வாகனத்தை வாசலின் குறுக்கே நிறுத்துகிறீர்கள். அதனால் நடந்து வரும் பிள்ளைகள், அநேகமாக வாகனம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள், நடு வீதிக்கு இறங்கிச் சுற்றிப் போகிறார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை முள்ளுக்கும் கல்லுக்கும் மட்டும் சொன்னதாக நாம் எடுத்துக்கொள்ளலாமா? நான்கு சக்கரத்தில் நிற்கும் இடையூறும் இடையூறுதான்.

பெருநகரங்களை மாற்றுவது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். கல்லூரி வாசல் நம்முடையது. வாசலின் இரு பக்கமும் ஐம்பது மீற்றருக்கு வாகனம் நிறுத்தாதிருக்கப் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கலாம். பக்கத்து முடக்கில் ஒரு குவிந்த கண்ணாடி, வீதியோரம் இரண்டடி அகலத்துக்கு நடக்கும் இடம், ஒரு வேகத்தடை. இவற்றைக் கேட்டு பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு கடிதம். கடிதத்தை நமது தமிழ் மன்ற மாணவிகளே எழுதித் தருவார்கள். கையொப்பம் வைக்க நீங்கள் வந்தால் போதும்.