ஆணி அடிக்காத சுவர்கள்

ஓய்வுபெற்ற குருவானவரைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை ஊர் மாறினீங்களே ஐயா, எந்த ஊர் பிடிச்சிருந்தது?" 34 ஆண்டு ஊழியம், ஒன்பது சேகரம், ஒன்பது குருமனை. கேட்கிறவருக்கு அந்த ஒன்பதில் ஒன்றில் சம்பந்தி வீடோ கொழுந்தன் வீடோ நிச்சயம் இருக்கும். ஆகவே எல்லா ஊரும் பிடித்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். எந்தச் சுவர் பிடித்தது என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

நம் குருமனைகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன் அறையில் அரசமைப்புத் தலைவர்கள் படம் போல வரிசையாகப் பேராயர்கள் படம் இருக்கலாம். ஒரு வசனக் காலண்டர் இருக்கும், அதுவும் ஜவுளிக்கடைக்காரர் கொடுத்தது. மற்றபடி வெள்ளைச் சுண்ணாம்பு. பொறுப்பு மாற்றிக்கொள்ளும்போது கையெழுத்துப் போடுகிற இருப்புப் பட்டியலில் கட்டில் இரண்டு, மின்விசிறி நான்கு, பிளாஸ்டிக் நாற்காலி ஆறு என்று எழுதியிருக்கும். படம் ஒன்று என்று நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரு சேகரத்தில் ஆணி அடிக்கப் போனபோது பொருளாளர் ஓடி வந்தார். "ஐயா, இப்பத்தானே வெள்ளையடிச்சோம். நீங்க மூணு வருஷத்துல போயிருவீங்க, ஓட்டை இங்கேயே இருக்கும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு முழு இறையியல் இருக்கிறது. அதோடுதான் எனக்கு வழக்கு.

அந்த இறையியல் இதுதான். நாம் இந்த உலகத்தில் அந்நியரும் பரதேசிகளும். பரதேசிக்கு எதற்கு அலங்காரம்? கூடாரத்தில் குடியிருந்தவன் ஆபிரகாம். அவன் என்ன படமா மாட்டினான்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானே பிரசங்கத்தில் ஆபிரகாமின் கூடாரத்தைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஆனால் வேதத்தில் வீடு மாறுகிறவர்களுடைய கதையைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது.

பரிசுத்த வேதாகமத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டான் என்று முதன்முதலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறவன் யார்? மோசே அல்ல, ஆரோன் அல்ல. பெசலெயேல். யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்கிறவன், கல் பதிக்கிறவன், மரத்தில் செதுக்குகிறவன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஆசாரி. கூடவே அகோலியாப். இவன் நூல் வேலைக்காரன், சித்திரத் தையல்காரன். இந்த இருவரும் செய்தது என்ன? ஒரு வீடு. எப்படிப்பட்ட வீடு? பிரித்து, மடித்து, சுமந்து, அடுத்த ஊரில் மறுபடி கட்டுகிற வீடு. ஊர் ஊராகப் போகிற ஜனத்துக்குத்தான் பொன் தகடும், மாதளம்பழத் தொங்கல் வைத்த அங்கியும், கேருபீன் நெய்த திரையும் தேவையாயிருந்தன.

எண்ணாகமம் 4ஆம் அதிகாரத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. எனக்குத் தெரிந்து உலகத்திலேயே பழமையான சாமான் கட்டும் குறிப்பு அதுதான். பாளயம் புறப்படும்போது முதலில் திரையை இறக்கி, அதைக்கொண்டு உடன்படிக்கைப் பெட்டியை மூட வேண்டும். அதன்மேல் தகசுத்தோல். அதன்மேல் நீலத் துப்பட்டி. பிறகு தண்டுகளைச் செருக வேண்டும். குத்துவிளக்குக்குத் தனித் துணி, மேஜைக்குத் தனித் துணி. 7ஆம் அதிகாரத்தில் வண்டிக் கணக்கு வருகிறது. திரைகளையும் மூடுதுணிகளையும் கொண்டுபோகிற கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டி, நான்கு மாடு. பலகைகளும் தூண்களும் பாதங்களும் சுமக்கிற மெராரி புத்திரருக்கு நான்கு வண்டி, எட்டு மாடு. கோகாத் புத்திரருக்கு ஒரு வண்டியும் இல்லை. அவர்கள் கையில் இருப்பது பரிசுத்தமானவை. தோளில்தான் சுமக்க வேண்டும்.

மாற்றல் உத்தரவு வாங்கிய ஒவ்வொரு கோடையிலும் இந்த அதிகாரம் எனக்கு நினைவுக்கு வரும். சாக்கும் சணலும் வாங்கி, புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி, பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றி, சபையார் ஏற்பாடு செய்த மினி லாரியில் ஏற்றுவோம். பீரோ, கட்டில், ஆட்டுக்கல் எல்லாம் மெராரி கணக்கு. ஆனால் ஒன்று மட்டும் லாரியில் ஏறியதில்லை. என் மனைவியின் பாட்டி பின்னிய லேஸ், சட்டம் போட்டது. ஒரு முழ அகலம் இருக்கும். நீலத் துணிமேல் வெள்ளை நூலில் ஒரு திராட்சைக் கொடி. அதை மனைவி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். கண்டக்டர் ஒருவர், "அதை மேல வைங்கம்மா" என்றதற்கு, "இது மேல வைக்கிற சாமான் இல்ல தம்பி" என்று சொன்னாள். எண்ணாகமம் படித்துச் சொன்னதல்ல.

அந்த லேஸுக்கு ஒரு வரலாறு உண்டு. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பிழைப்புக்காகச் சொல்லிக்கொடுத்த வேலை. அது மகளுக்கும் பேத்திக்கும் போய், எத்தனையோ ஆலயங்களின் திருவிருந்து மேஜை விரிப்பாக ஆயிற்று. அதைப் பின்னின கைகளின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தவர் பெயர் மட்டும் பளிங்கில் இருக்கும்.

நம் முன்னோர் படத்தைக் கண்டு ஏன் ஒதுங்கினார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. விக்கிரக ஆராதனையை விட்டு வந்தவர்களுக்கு இரண்டாம் கற்பனை வெறும் மனப்பாடம் அல்ல, குடும்பத்தையும் சொத்தையும் இழந்து கைக்கொண்ட கற்பனை. மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்துக்கு ஜனங்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அதை உடைத்தான், சரியாகத்தான் உடைத்தான். ஆனால் அதே எசேக்கியா தேவாலயத்துத் தூண்களின் லீலிப் புஷ்ப வேலையையும் மாதளம்பழங்களையும் தொடவில்லை. எது வழிபடப்பட்டது, எது அழகுக்கு இருந்தது என்ற வித்தியாசம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

காதுக்கு மட்டும் நாம் இந்தக் கட்டுப்பாடு வைக்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாகவே சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போன வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, வீட்டையும் ஊரையும் விட்டு ஓடுகிற ஒருவனுடைய கதையை எடுத்து, கம்பனைப் படித்த காதோடு விருத்தமாகவே பாடி, இரட்சணிய யாத்திரிகம் என்று 1894இல் காப்பியமாகத் தந்தார். மோட்சப் பிரயாணிக்கு எதற்கு இத்தனை உவமையும் சந்தமும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காதுக்குக் காப்பியம், கண்ணுக்குச் சுண்ணாம்பா?

கட்டடத்திலாவது நம் பெரியவர்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை. மெய்ஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரத்தைத் தேரிக்காட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடையன்குடி ஆலயம் 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டையானது. 33 ஆண்டுகள்! அவரை யாரும் நான்கு ஆண்டுக்கொருமுறை மாற்றவில்லை. கடைசியில் அவரும் வீடு மாறத்தான் செய்தார். முதலில் தூத்துக்குடிக்கு, பிறகு கொடைக்கானலுக்கு. 1891இல் மலைமேல் காலமானவரை இடையன்குடிக்கே கொண்டுவந்து அந்த ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். மாற்றல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஊரில் குருவானவர் நிலைத்துவிட்டால் என்னென்ன கட்சி உண்டாகும் என்பது நம் சபை அரசியல் அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நாலு வருஷத்தில் போகிறவன் மாமரம் நடமாட்டான் என்பதும் உண்மை.

இப்போது நடப்பதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். நான் பணிசெய்த ஒரு சபையில், பெயர் வேண்டாம், மூன்று தலைமுறைக்கு முந்திய பீட விரிப்பு ஒன்று அலமாரியில் இருந்தது. ஓரமெல்லாம் கைலேஸ், நடுவே கோதுமைக் கதிர். நான் அங்கிருந்து வந்த பிறகு பிரதிஷ்டைப் பண்டிகைக்காகப் பீடத்துக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ் கட்டினார்கள். சுவிட்சர்லாந்து மலை, நீர்வீழ்ச்சி, கீழே உபயதாரர் முகங்கள். விரிப்பு என்னாயிற்று என்று ஆலயப் பணியாளரிடம் கேட்டேன். பெஞ்சு துடைக்க எடுத்தோம் ஐயா, கிழிஞ்சு போச்சு என்றார். அவரைக் கோபித்து என்ன செய்ய? அதன் மதிப்பை யாரும் அவரிடம் சொல்லவில்லை, இருப்புப் பட்டியலிலும் அது இல்லை. பழைய தேக்குப் பிரசங்க மேடையை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் மேடை வைத்த சபையையும் எனக்குத் தெரியும்.

இதில் ஆசைக்கும் பக்திக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். என் மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். அவளிடம் யாரோ, நீ எந்த ஊரில் வளர்ந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஊர்ப்பெயர் ஒன்றும் வாயில் வரவில்லையாம். "திராட்சைக் கொடி மாட்டியிருந்த வீட்டுல வளர்ந்தேன்" என்றாளாம். ஆறு பள்ளிக்கூடம் மாறின பிள்ளைக்கு வீடு என்பது அந்தச் சட்டம்தான். பொருளாளர் பயந்த ஓட்டைகள் இல்லாமல் போயிருந்தால் அவளுக்கு அதுவும் இருந்திருக்காது.

ஆகவே சபைகளுக்கு என் கோரிக்கை சிறியது, செலவும் அதிகமில்லை. ஒவ்வொரு குருமனையிலும் முன் அறைச் சுவரில் மூன்று நல்ல கொக்கி அடித்து வையுங்கள். வருகிற குடும்பம் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளட்டும். ஆலய அலமாரியைத் திறந்து, பழைய விரிப்பு, மணி, கிண்ணம், மரவேலை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இருப்புப் பட்டியலில் சேருங்கள். செய்தவர் பெயர் தெரிந்த பாட்டிமார் இன்னும் நாலு பேர் இருப்பார்கள். இந்த வருஷமே கேட்டு எழுதிவிடுங்கள். ஃபிளெக்ஸ் வேண்டுமானால் வாசலுக்கு வெளியே கட்டிக்கொள்ளுங்கள்.

நாங்கள் இப்போது பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். இது பத்தாவது வீடு, ஆனால் பட்டா எங்கள் பேரில். மூன்றில் இரண்டு பங்குப் புத்தகத்தை இறையியல் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று, கட்டிலில் ஒன்று கொழுந்தியாள் வீட்டுக்குப் போயிற்று. புதுச் சுவர் கான்கிரீட், ஆணி இறங்கவில்லை. டிரில் வைத்திருக்கிற தம்பி வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த உயரத்தில் மாட்டுவது என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. ஐயரம்மா, உட்கார்ந்தபடியே பார்க்கிற உயரம் வேண்டும் என்கிறாள், முழங்கால் வலிக்காரி. நான் வாசலில் நுழைகிறவர் கண்ணுக்கு நேரே வேண்டும் என்கிறேன்.