விற்பனைக்குரிய உடல்களும் வலிநீக்கி மாத்திரைகளும்

விளையாட்டு வீரனொருவன் மருந்துக்கு அடிமையானான் என்ற செய்தி வெளிவரும்போதெல்லாம், பணமும் புகழும் அவனைக் கெடுத்தன எனக் கூறி அமைவது வழக்கமாகிவிட்டது. இக்கூற்று மேலோட்டமானது, அதுமட்டுமன்றி, உண்மைப் பொறுப்பாளிகளைத் தப்பவிடுவதுமாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை உதைபந்தாட்டத்தை நோக்குவோம். தேசிய உதைபந்தாட்ட லீக்கில் ஆடி ஓய்வுபெற்ற 644 வீரரிடையே நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வொன்றில், 52 சதவீதத்தினர் தாம் ஆடிய காலத்தில் அபின்வகை வலிநீக்கிகளை உட்கொண்டதாகக் கூறினர். அவர்களுள் 71 சதவீதத்தினர் அவற்றை முறைதவறிப் பயன்படுத்தியோர். ஒருவர் இருவர் வழிதவறின் அதனைத் தனிமனித பலவீனம் எனலாம். மூவரில் ஒருவருக்கு மேல் ஒரே வழியில் இடறினரெனின், அவ்வழியை அமைத்தோர் யாரென வினவுதல் வேண்டும்.

வலி, உடல் விடுக்கும் எச்சரிக்கை. காயமுற்ற முழங்கால் ஓய்வைக் கோருகின்றது. கழகமோ அடுத்த ஆட்டத்தைக் கோருகின்றது. மாத்திரை கழகத்தின் பக்கம் நின்று எச்சரிக்கையை அடக்குகின்றது, காயமோ வளர்கின்றது. உடல் மருந்துக்குப் பழகப் பழக, ஒன்று தணித்த வலியைத் தணிக்க இரண்டும் பின்னர் நான்கும் வேண்டப்படுகின்றன.

கிறீன் பே பக்கர்ஸ் கழகத்தின் பிறெற் ஃபாவ், 1995ஆம் ஆண்டின் மிகச்சிறந்த வீரராகத் தெரிவானவர். 1996 மே மாதத்தில், தாம் விக்கொடினுக்கு அடிமையானதை அவரே வெளியிட்டுச் சிகிச்சை பெறச் சென்றார். புகழின் உச்சியில் நின்றவர்க்கே இந்நிலையெனின், அடுத்த வாரம் அணியில் இடமுண்டோ என அஞ்சும் சாதாரண வீரனின் நிலை யாது? பனிஹொக்கி வீரர் டெறெக் பூகாட், ஒக்சிகோடோனும் மதுவும் கலந்தமையால் 2011இல் மாண்டபோது அவருக்கு வயது 28.

"கட்டாயப்படுத்தியவர் யார்? விரும்பியே உட்கொண்டனர், பெருந்தொகை ஊதியமும் பெற்றனர்" என வாதிப்போர் உளர். அவ்வுதைபந்தாட்ட லீக்கின் ஒப்பந்தங்களிற் பல, முழுத்தொகைக்கும் உத்தரவாதம் அளிப்பனவல்ல. ஆட இயலாதவன் நீக்கப்படலாம். வேலையிழப்பின் அச்சத்திற் பிறக்கும் விருப்பம் சுதந்திரமான விருப்பமன்று. அவனைச் சோதித்து ஆடத் தகுதியுடையவனெனக் கூறும் வைத்தியரும் கழகத்தால் அமர்த்தப்பட்டவரே.

கழகங்கள் உரிய மருத்துவச் சீட்டும் எச்சரிக்கையுமின்றி மருந்துகளை வழங்கினவெனக் குற்றஞ்சாட்டி, றிச்சாட் டென்ற் முதலிய முன்னாள் வீரர்கள் 2014இல் அந்த லீக்கின் மீது வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டிலேயே அது தள்ளுபடி செய்யப்பட்டது. தொழிற்சங்க ஒப்பந்தத்தின் வழியே பரிகாரம் தேடுக என்பதே அவர்களுக்குக் கிடைத்த விடை. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018இலும் 2020இலும் தலையிட வேண்டியதாயிற்று.

வீரனைச் சோதிக்கும் வைத்தியர் கழகத்துக்குக் கட்டுப்படாதவராதல் வேண்டும். ஆடுகளத்தில் ஏற்பட்ட காயத்துக்கும் அதன்வழி வந்த அடிமைத்தனத்துக்கும் உரிய சிகிச்சைச் செலவை, ஓய்வின் பின்னரும் கழகமே ஏற்றல் வேண்டும். இவற்றைக் கோராது வீரனின் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவோர், அறிந்தோ அறியாமலோ, இலாபத்தின் பக்கமே நிற்கின்றனர்.