தாய் வெளிநாட்டில் இருப்பதாலா மரம் பட்டுப்போகிறது?

வட்டகொடைப் பக்கம் ரோட்டோர மரமொன்று பட்டுப்போனால் கூட்டங்களில் எங்களுக்கு ஒரே பதில்தான்: "தாய்மார் குவைத்தில், பிள்ளைகள் மரத்தை நாசமாக்குது." ஆசிரியர்கள் நாங்கள் இதை இனியும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பிள்ளைகள் பட்டையில் பேர் கீறுவது உண்மை. தப்புத்தான், கண்டிக்கிறோம். ஆனால் அதனால் மரம் சாகாது. அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்தால் இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்காது, அப்போதுதான் சாகும். அதற்கு மாதக்கணக்காகும். அதற்குள் உரித்தவரை எவரும் தேட மாட்டார்கள். பிறகு "ஆபத்தான மரம்" என்று ஒரு கடிதம், பின்னாலேயே லொறி. இது பத்து வயதுப் பிள்ளையின் வேலையா? பலகை விலை தெரிந்தவர்களின் வேலை.

தாய்மார் ஏன் போனார்கள்? 2021இல் கிடைத்த 1000 ரூபா நாட்சம்பளம் அடுத்த வருசமே மா விலையில் கரைந்தது. 2022இல் நாடு முழுக்க 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். கொழும்பிலிருந்து போன அப்பாமாரின் பிள்ளைகளைப் பற்றி யார் கூட்டம் போட்டார்கள்?

தேயிலைக்கு நிழலாகச் சவுக்கும் கல்யாண முருங்கையும் நட்டு, கிளை கழித்து வளர்த்தது இந்தக் குடும்பங்கள்தான். நட்ட மரத்தில் குருவி தின்றாலும் ஸதகா என்று பள்ளியில் ஓதிய எங்களுக்கு, நட்டவர்களையே குற்றவாளியாக்கும் பேச்சு பொறுக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்குப் பட்டை உரிந்த மரத்தின் படத்தோடு வருவோம். லொறி யாருடையது என்று கேட்போம்.