உடம்பும்தான் சரியில்லை

'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று நம் வீடுகளில் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம்! 1911-இல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் திறந்த அந்த மனநல மருத்துவமனைக்கு இப்போது 'பஹாகியா' என்று பெயர். மலாயில் அதற்கு மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறியும் கேலி மாறவில்லை. அந்தக் கேலிக்குப் பயந்துதான் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் கிள்ளான் தாமானிலும் மனச்சிதைவு நோய் உள்ள பிள்ளையைப் பின்னறையில் இருத்திவிட்டு, தீபாவளிக்கு வரும் உறவினரிடம் "அவனுக்கு உடம்பு சரியில்லை" என்று சமாளிக்கிறார்கள்.

அந்தப் பொய்யில் ஓர் உண்மை இருக்கிறது. உடம்பும்தான் சரியில்லை.

மனச்சிதைவு உள்ளவர்கள் சீக்கிரமே இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதய நோய், இனிப்பு நீர், தொற்றுநோய் போன்ற உடல் நோய்கள் பெரும்பாலும் அதற்குக் காரணம். காதில் கேட்கும் குரலை அடக்குகிற ஒலான்சபின், குளோசபின் போன்ற மாத்திரைகள் பசியைக் கிளப்பும், எடையைக் கூட்டும், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நம் சமூகத்தின் கதையோ தெரிந்ததுதான். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100-க்கு 31 பேருக்கு நீரிழிவு. இந்த இரண்டும் ஓர் உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? "மருந்து சாப்பிட்டு நல்லா சதை போட்டுட்டான்" என்று அம்மா சந்தோஷப்படுகிறார். கவலைப்பட வேண்டிய இடம் அது.

அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதம் கழித்தும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். குளோசபின் என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுப்பார்கள். வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்கத்தான். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பெனடால் போட்டுப் படுத்துவிடக் கூடாது, அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். நாள்பட்ட மலச்சிக்கலையும் சொல்லிவிடுங்கள். அந்த மருந்தில் அது ஆபத்தாக முடிவதுண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: சிகரெட்டுப் புகை குளோசபினின் அளவை ரத்தத்தில் குறைக்கும். திடீரென்று புகையை விட்டால் அளவு ஏறிவிடும். விட வேண்டியதுதான், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு.

இதற்குப் பெரிய செலவில்லை. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. சுகாதார அமைச்சின் 'மெந்தாரி' சமூக மனநல மையங்கள் வேலை தேடித்தரவும் உதவுகின்றன. சிக்கல் வேறு இடத்தில். மனநல கிளினிக்கில் ஒரு வரிசை, இனிப்பு நீருக்கு வேறொரு வரிசை. மனச்சிதைவு உள்ளவர்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்கள். மனநல நோயாளி நெஞ்சு வலி என்றால் அதையும் மனப்பிரமை என்று தள்ளுபவர்கள் இல்லாமலில்லை.

கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், நேர்த்திக்கடனும் செலுத்துங்கள். யாரும் தடுக்கவில்லை. ஆனால், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போய், "இவருக்குக் கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.