விளிம்பை அறுத்தவர்கள்

துறையூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கைப்பேசிக் கடைகளில் எந்தப் புதிய கருவியை எடுத்துக் காட்டினாலும் முதலில் சொல்லப்படும் பெருமை ஒன்றே: "ஓரமே கிடையாதுங்க, முழுக்கத் திரைதான்." வாங்க வந்தவரும் அதைக் கேட்டு மகிழ்கிறார். பணம் கைமாறி ஐந்து நிமிடம் ஆவதில்லை. அதே கடைக்காரர் கண்ணாடியின்மேல் ஒரு டெம்பர் கிளாஸை ஒட்டி, மூலைகள் தடித்த ரப்பர் பவுச் ஒன்றில் அதைத் திணித்து, இரண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொள்கிறார். அந்தப் பவுச்சின் உதடு திரையைவிடச் சற்றே உயர்ந்திருக்கும். கைப்பேசி குப்புற விழுந்தால் தரை அந்த உதட்டைத்தான் முதலில் தொடவேண்டும் என்பது கணக்கு. ஆக, நிறுவனங்கள் பெரும்பொருள் செலவிட்டு அறுத்தெறிந்த விளிம்பை நாம் தனியாகக் காசு கொடுத்து மீண்டும் வாங்கி மாட்டிக்கொள்கிறோம். இதற்கு முன்னேற்றம் என்று பெயர்!

புதியன யாவும் தீயன என்று புலம்புவது நம் நோக்கமன்று. 2007இல் வந்த முதல் ஐபோனின் முகப்பில் ஏறக்குறையப் பாதிதான் திரை. மீதி கறுப்புப் பட்டை. அந்தப் பட்டையில் ஒரு பகுதி வீணே கிடந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க விரும்பும் முதியவருக்குத் திரை அகன்றது நன்மையே. நம் சண்டை அந்த அகலத்தோடு அன்று. போதும் என்று நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், கடைசி இரண்டு மில்லிமீட்டருக்காக நடக்கும் ஓட்டத்தோடுதான்.

அந்த ஓட்டத்தின் கதை சுவையானது. 2016 அக்டோபரில் சீன நிறுவனமான ஷியோமி, 'மி மிக்ஸ்' என்ற கருவியை வெளியிட்டது. வடிவமைத்தவர் பிரெஞ்சுக் கலைஞர் பிலிப் ஸ்டார்க். முகப்பில் 91.3 விழுக்காடு திரையே என்று விளம்பரம் முழங்கியது. அளவுகோல் வைத்துப் பார்த்தவர்களுக்கோ எண்பத்து நான்கை ஒட்டித்தான் கிடைத்தது. மேல் ஓரத்தை அறுத்துவிட்டதால் முன்பக்கக் கேமராவுக்கு இடமில்லை. அதைக் கீழே கொண்டுபோய் வைத்தார்கள். தன்னைத்தானே படம் எடுக்க விரும்பியவர் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிக்க நேர்ந்தது. மறு ஆண்டு சாம்சங்கின் கேலக்ஸி எஸ் 8, ஆப்பிளின் ஐபோன் எக்ஸ் ஆகிய இரண்டும் முகப்புப் பொத்தானைத் துறந்தன. கேமராவுக்காக ஐபோன் எக்ஸின் நெற்றியில் ஒரு கறுப்பு வெட்டு விழுந்தது. 2018இல் விவோ நிறுவனம் கேமராவை உள்ளே ஒளித்து, வேண்டும்போது தலைநீட்டுமாறு செய்தது. 2020இல் இசட்டிஇ அதைத் திரைக்கு அடியிலேயே புதைத்துப் பார்த்தது. ஒரு பொருள் இருக்கவேண்டிய இடத்தை எடுத்துவிட்டு, அந்தப் பொருளை எங்கே வைப்பது என்று பத்தாண்டுகளாகத் தவிப்பதை அறிவியல் என்பதா, அடம் என்பதா?

விளிம்பு எப்படிச் சுருங்கிற்று என்பதையும் தெரிந்துகொள்வோம். பழைய எல்சிடி திரையை இயக்கும் சில்லு கண்ணாடியின் கீழோரத்திலேயே அமர்ந்திருக்கும். ஆகவே கீழே ஒரு பட்டை தவிர்க்க முடியாதது. ஓஎல்இடி திரையை நெகிழும் பிளாஸ்டிக் தாளின்மேல் செய்யலாம். அந்தத் தாளின் கீழ் முனையைச் சில்லோடு சேர்த்துப் பின்பக்கமாக மடித்துவிட்டால் முகப்பில் பட்டை தெரியாது. வேட்டியின் கரையை உள்ளே மடித்துக் கட்டிக்கொண்டு, கரையே இல்லாத வேட்டி என்று சொல்வது போன்றது இது. மடிக்கக்கூடிய திரை விலை கூடியது. எனவே மலிவான கைப்பேசிகளில் கீழ்ப்பட்டை இன்றும் தங்கியிருக்கிறது. விளைவு என்ன? பட்டையின் அகலம் இன்று ஓர் அந்தஸ்துக் குறியாகிவிட்டது. கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவன் மேசைமேல் கைப்பேசியை வைத்த மாத்திரத்தில், அவன் தகப்பன் எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்பதை அடுத்தவன் அந்த ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறான். சட்டைத் துணியைப் பார்த்து ஆளை எடைபோட்ட காலம் போய், இப்பொழுது கறுப்புக் கோட்டைப் பார்த்து எடைபோடுகிறார்கள்.

நம் ஊர் வயலைப் பாருங்கள். வரப்பில் நெல் விளைவதில்லை. ஆயினும் நீரைத் தேக்குவது அது. மருந்துத் தெளிப்பானைச் சுமந்தவன் நடப்பது அதன்மேல். அண்டை வீட்டாரோடு வழக்கு வராமல் காப்பதும் அது. ஆண்டுக்கொரு முறை வரப்பை ஒரு மண்வெட்டி அளவு செதுக்கிக்கொண்டே போகிறவனை ஊர் கெட்டிக்காரன் என்று சொல்வதில்லை. வேறொரு பெயர் வைத்திருக்கிறது. வயலின் ஓரக் கதிரை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடச் சொல்லும் லேவியர் நூலின் கட்டளையை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் எடுத்துக்கூற வேண்டியதில்லை. கைப்பேசியின் ஓரமும் யாருக்கோ உரியதாகத்தான் இருந்தது. யாருக்கு?

முதலாவது, பிடிக்கும் கைக்கு. தொடுதிரை நம் விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் அருகே வருகையில் மின்னூட்டத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்கிறது. உள்ளங்கைச் சதையும் விரலும் அதற்கு ஒன்றே. விளிம்பு இருந்தவரை கை பிடிக்க இடமிருந்தது. விளிம்பு போனபின் கை திரையின்மேல் ஏறிக்கொள்கிறது. கேட்காத அழைப்பு போகிறது, பாதி எழுதிய செய்தி பறக்கிறது. இதைத் தடுக்க, ஓரத்தில் படும் தொடுகையைப் புறக்கணிக்குமாறு மென்பொருளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அது சிலவேளை உண்மையான விரலையும் சேர்த்துப் புறக்கணித்துவிடுகிறது. திரையாக்கப்பட்ட ஓரம், தொடுகைக்குச் செவிடான ஓரமாகவே கிடக்கிறது. சின்ன வெங்காயம் அறுத்துக் காய்ப்பேறிய விரலுக்கும், நாற்றங்காலில் நனைந்த விரலுக்கும், முதுமையில் நடுங்கும் விரலுக்கும் இந்தத் தொல்லை இரட்டிப்பு.

இரண்டாவது, பார்வையற்றோர்க்கு. பழைய பொத்தான் கைப்பேசிகளில் ஐந்தாம் எண்ணின்மேல் ஒரு சிறு புள்ளி மேடிட்டிருக்கும். அதைத் தடவி மற்ற எட்டுத் திசைகளையும் அறிந்துகொள்ளலாம். இதற்கு மறுமொழியாக, 2009 முதல் ஐபோனிலும் அதையொட்டி ஆண்ட்ராய்டிலும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரல்வசதி உண்டே என்பார்கள். உண்மை. அது பார்வையற்றோர் பலருக்குப் புதிய உலகையே திறந்துவிட்டது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த வசதிக்கும் விளிம்பை அறுப்பதற்கும் தொடர்பில்லை. முகப்புப் பொத்தானும் அந்தக் குரலும் எட்டாண்டு ஒரே கருவியில் இணக்கமாக வாழ்ந்தன. பொத்தானை எடுத்தபின், எந்த ஓரத்திலிருந்து எத்தனை தூரம் விரலை இழுத்தால் முகப்புக்குத் திரும்பலாம் என்பதை, கண்ணால் காணாத ஓரத்தை வைத்துக் கற்கவேண்டியதாயிற்று. முகப்புப் பொத்தான் கொண்ட கடைசி ஐபோனையும் 2025 பிப்ரவரியில் ஆப்பிள் விற்பனையிலிருந்து நீக்கிவிட்டது. ஒரே ஒரு மாதிரியையாவது வைத்திருந்தால் அந்தப் பெரு நிறுவனத்தின் சொத்து கரைந்தா போயிருக்கும்?

மூன்றாவது, பழுது பார்ப்பவர்க்கும் அவரை நம்பி வாழ்வோர்க்கும். இதுதான் நம்மை மிகவும் உறுத்துவது. இன்றைய கைப்பேசியில் மேற்கண்ணாடி, தொடு உணரி, ஒளித்திரை மூன்றும் பசையால் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. கடைக்காரர் மொழியில் அது 'காம்போ'. மேலே ஒரு கீறல் விழுந்தாலும் காம்போவையே மாற்று என்கிறார்கள். கைத்திறன் மிக்கவர்கள் உடைந்த மேற்கண்ணாடியை மட்டும் சூடேற்றி, மெல்லிய கம்பியால் அறுத்தெடுத்து, வேறு கண்ணாடி ஒட்டித் தருவதுண்டு. தட்டையான, ஓரமுள்ள திரைக்கு அது கூடும். மின்தடங்கள் ஓரம் வரை நெருங்கிவிட்ட திரையில் கம்பி ஒரு மயிரிழை பிசகினாலும் எல்லாம் போயிற்று. வளைந்த திரையாயின் சாதாரண டெம்பர் கிளாஸ்கூட ஒட்டாது. பச்சைமலையின் மேல் செங்காட்டுப்பட்டியிலிருந்து பேருந்து பிடித்து இறங்கி வருகிறவரிடம், காம்போ விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம் என்று சொல்லவேண்டிய நிலைக்குக் கடைக்காரர் தள்ளப்படுகிறார். அவர்மேல் குற்றமில்லை. பழுது பார்க்க இயலாததாகவே அது பிறந்திருக்கிறது.

பிடிக்காதவர்கள் வாங்காமல் இருக்கட்டும், பொத்தான் கைப்பேசிகள் இன்றும் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றனவே என்று கேட்பவர் உண்டு. கிடைக்கின்றன. ஆனால் 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத்தளங்கள் அனைத்திலும் வருகைப் பதிவைக் கைப்பேசிச் செயலியில் படத்தோடு ஏற்றவேண்டும் என்று நடுவணரசு ஆணையிட்டபோது, பணித்தளப் பொறுப்பாளரான பெண்ணின் கையில் தொடுதிரைக் கைப்பேசி இருந்தே தீரவேண்டியதாயிற்று. அதன் திரை உடைந்தால் அன்று மண் சுமந்தவர்களின் கூலிக் கணக்கே தடுமாறும். வங்கி, உதவித்தொகை, பிள்ளைகளின் பள்ளிச் செய்தி எல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் சென்று சேர்ந்தபின், அது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பது வாங்குபவரின் தனி விருப்பம் என்று சொல்லித் தட்டிக்கழிக்க எவருக்கும் உரிமையில்லை.

இதில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு வேதனையும் உண்டு. திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் கைப்பேசிகளைப் பொருத்தியவை நம் பெண்களின் விரல்கள். இன்று அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரத்தை அடுத்த பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்களைப் பொருத்துபவையும் பெரும்பாலும் நம் பெண்களின் விரல்களே. 2021 டிசம்பரில் அவ்வாலையின் விடுதி உணவால் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, சாலை மறியல் நடந்து, ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்ததை நாளேடுகளில் படித்தோம். மயிரிழை பிசகாமல் கண்ணாடியைப் பொருத்தக் கற்றுக்கொடுத்தவர்கள், பொருத்துகிறவள் உண்ணும் சோற்றில் அந்தக் கவனத்தில் நூறில் ஒரு பங்கைக் காட்டவில்லை. அந்தக் கைப்பேசி எப்படி இருக்கவேண்டும் என்று அவளையும் எவரும் கேட்டதில்லை. துறையூர்ப் பழுதுக்கடைக்காரரையும் கேட்டதில்லை.

நிறுவனங்களுக்கே தம் தவறு புரியாமல் இல்லை. 2015 முதல் வளைந்த ஓரத்தைப் பெருமையாக விற்ற சாம்சங், 2024இல் தன் விலையுயர்ந்த எஸ் 24 அல்ட்ராவைத் தட்டைத் திரையோடுதான் வெளியிட்டது. எனினும் ஓட்டம் நின்றபாடில்லை. ஐபோனுக்கு இருபதாண்டு நிறையும் 2027இல், நாற்புறமும் வழிந்தோடும் முழுக்கண்ணாடிக் கருவி வரக்கூடும் என்று தொழில்நுட்பச் செய்தியாளர்கள் எழுதிவருகிறார்கள். அது வந்தால் அதைப்போன்ற மலிவுப் பதிப்பு இரண்டொரு ஆண்டில் நம் கடைத்தெருவுக்கும் வந்துசேரும். முழுக்கண்ணாடி வரும், முழுப்பழுதும் உடன் வரும்.

சட்டத்தால் இதைக் கட்டுப்படுத்த முடியாது என்பதும் பொய். பிரான்சு 2021இலேயே கைப்பேசிகளுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கிற்று. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் ஒவ்வொரு கைப்பேசியும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதை எழுத்தால் தரமிட்டுப் பெட்டியின்மேல் காட்டவேண்டும். விற்பனை நின்றபின்னும் ஏழாண்டுகள் திரை உள்ளிட்ட உதிரிகள் கிடைக்கவேண்டும். ஐரோப்பியனின் கைப்பேசி ஏழாண்டு வாழத்தக்கது என்றால், பச்சைமலைக்காரனின் கைப்பேசி மட்டும் ஏன் ஈராண்டில் குப்பைக்குப் போகவேண்டும்? நம் நடுவணரசின் நுகர்வோர் நலத்துறையும் 2024 செப்டம்பரில் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கென ஒரு குழுவை அமைத்தது. 2025 மே மாதம் அக்குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அக்குறியீட்டில் காம்போவின் விலை, கருவியின் விலையில் எத்தனை பங்கு என்பதும் அச்சிடப்படவேண்டும். மேற்கண்ணாடியை மட்டும் தனியே மாற்ற இயலுமா என்பதும் இடம்பெறவேண்டும். பழுதுக்கடைக்காரர் ஒருவரும் பார்வையற்றவர் ஒருவரும் அமராத எந்தக் குழுவும் இதைச் சரியாக எழுதாது.

அதுவரை கடைக்குள் நுழையும் நாம், "ஓரமே கிடையாதுங்க" என்பவரிடம் பெட்டியைத் திறக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்போம். இதன் காம்போ இன்று என்ன விலை? மூன்றாண்டு கழித்து அது துறையூரில் கிடைக்குமா? பதில் சொல்லத் தயங்கினால், சற்றே பட்டை அகன்ற அடுத்த பெட்டியை எடுக்கச் சொல்வோம்.